டி.என்.ஏ. சேதமும் சீரமைப்பும்: கேள்வி பதில்

திருச்சி: வெயிலில் போகாமல், புகைக்காமல் இருந்தால் டி.என்.ஏ. சேதமே ஆகாதா ஐயா?

ஆகும். உடம்பிலுள்ள தண்ணீரும் 37 டிகிரி சூடுமே போதும். ஒவ்வொரு செல்லிலும் நாளொன்றுக்குச் டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளில் சுமார் 10,000 இழையிலிருந்து தாமாகவே கழன்று விழுகின்றன. நூற்றுக்கணக்கில் சைட்டோசின் என்ற எழுத்து, டி.என்.ஏ.வில் இருக்கக் கூடாத யுராசிலாக மாறுகிறது. அந்த யுராசிலை அகற்றும் நொதியை 1974-இல் கண்டறிந்தவர் தாமஸ் லிண்டால். 2015-இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர்.

அந்த நொதி இழையைத் தடவிக்கொண்டே போகும். யுராசில் தட்டுப்பட்டால் அந்த ஒரு எழுத்தை மட்டும் வெளியே புரட்டிக் கொய்துவிடும். காலியான இடத்தில் இன்னொரு நொதி இழையை நறுக்கும். மூன்றாவது, எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை வைக்கும். லைகேஸ் என்ற நொதி ஒட்டி முடிக்கும். ஆர்.என்.ஏ.வில் யுராசில் இருக்கிறது, டி.என்.ஏ.வில் மட்டும் ஏன் அதற்குப் பதில் தைமின் என்ற பழைய கேள்விக்கும் விடை இங்கேதான். டி.என்.ஏ.விலும் யுராசில் இயல்பான எழுத்தாக இருந்தால், எது அசல், எது கெட்டுப்போன சைட்டோசின் என்று நொதியால் பிரிக்க முடியாது.

கோவை: டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் மாத்திரைகளில் எது நல்லது?

எதுவும் வேண்டாம். பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையில், தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அந்த முடிவு 1994-இலேயே வந்துவிட்டது. காரட்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள். புகையிலையை விடுங்கள்.

விருதுநகர்: அக்கா மகனுக்கு 2 வயது. கொஞ்ச நேர வெயிலிலேயே முகம் கொப்பளிக்கிறது, கரும்புள்ளிகள் வருகின்றன. அக்கா கட்டிக்கொண்டது தாய்மாமனை.

இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். புறஊதாக் கதிர் பக்கத்துப் பக்கத்துத் தைமின்களைப் பிணைத்துவிடும். நல்ல செல் அந்தப் பிணைப்போடு சேர்த்து 30 எழுத்து அளவுக்கு ஒரு துண்டை வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தைப் புதிதாக நிரப்பும். இந்த நோயில் அந்த வெட்டும் வேலை நடக்காது. சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வரும். அம்மா, அப்பா இருவரும் பழுதான மரபணுவில் ஒரு பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. அதனால் அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை அவசியம்.

மருத்துவர் பார்க்கும்வரை பகலில் வெளியே கூட்டிப் போக வேண்டாம். சன்னல் கண்ணாடி புறஊதா-பி கதிரைப் பெரும்பாலும் தடுக்கும், புறஊதா-ஏ கதிரை விட்டுவிடும். ஆகவே கனமான திரை போடுங்கள். கண்ணுக்கும் பாதுகாப்பு வேண்டும். வெயிலே படாத பிள்ளைக்கு வைட்டமின் டி குறையும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னை: டி.என்.ஏ. டெஸ்டில் பூர்வீகம் தெரியுமா?

இந்தத் தலைப்பில் வராது.

ஈரோடு: பூசணம் பிடித்த கடலையை வறுத்தால் சரியாகுமா?

ஆகாது. பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுக்கும் சூட்டில் முழுதாக அழியாது. கல்லீரல் அதை மாற்றும்போது உண்டாகும் பொருள் டி.என்.ஏ.வின் குவானின் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். சரிசெய்வதற்குள் செல் பிரிந்துவிட்டால் எழுத்துப்பிழை நிலைத்துவிடும். புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவின் 249-ஆம் இடத்துப் பிழை இதன் அடையாளம். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். செக்கில் ஆட்டக் கொடுக்கும் கடலைக்கும் இதே கவனம் வேண்டும்.

மதுரை: அம்மாவுக்கு 46 வயதில் பெருங்குடல் புற்றுநோய். மாமாவுக்கும் 50-க்குள் வந்தது. எனக்கு 28. நான் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

முதலில் நீங்கள் அல்ல, அம்மா. அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்த மாதிரி மருத்துவமனையில் இருக்கும். அதில் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று நிறமேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டி.என்.ஏ. நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துபவை இவை. எம்.எல்.எச்.1 மட்டும் பரம்பரைக் காரணம் இல்லாமலும் காணாமல் போகும், அதற்குத் தனிச் சோதனை உண்டு. மற்றபடி ஏதாவது இல்லையென்றால் லிஞ்ச் என்ற பரம்பரைப் புற்றுநோய்ச் சிக்கலாக இருக்கலாம். அப்போது அம்மாவின் ரத்தத்தில் மரபணுப் பிழையைக் கண்டுபிடித்து, உங்களுக்கு அந்த ஒரு பிழையை மட்டும் தேடினால் போதும். அம்மாவைச் சோதிக்காமல் உங்களுக்கு மட்டும் 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி உட்கார முடியாது.

பிழை இருந்தால் 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை கொலோனாஸ்கோபி (குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை). எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 பிழைகளுக்கு 25 வயதுக்குள்ளாகவே தொடங்கச் சொல்வார்கள், நீங்கள் தள்ளிப்போடக் கூடாது.

சேலம்: குளுட்டாதயோன் மாத்திரை?

கோவைக்குச் சொன்னதுதான். வேண்டாம்.

நாகர்கோவில்: கேரளாவின் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணலால் கதிர்வீச்சு அதிகம். அங்கே புற்றுநோய் கூடவில்லையே! அப்படியானால் கொஞ்சம் கதிர்வீச்சு உடம்புக்கு நல்லதுதானே?

கூடவில்லை என்பது சரி. சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வு அதைத்தான் சொன்னது. நல்லது என்று அது சொல்லவில்லை. 1 கிரே (உடம்பு உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) ஒரு செல்லில் 35 முதல் 40 இரட்டை இழை முறிவுகளை, அதாவது டி.என்.ஏ.வின் இரு இழையும் அறுந்த இடங்களை, உண்டாக்கும். 1 மில்லிகிரேக்கு ஏறக்குறைய 25 செல்லில் ஒன்றுக்கு ஒரு முறிவு. அது ஆண்டு முழுக்கப் பரவி வந்தால், ஒரு முறிவை ஒட்டிய பிறகுதான் அடுத்தது வரும்.

நாகர்கோவில்: மொத்த அளவு ஒன்றுதானே ஐயா? மெதுவாக வந்தால் என்ன, வேகமாக வந்தால் என்ன?

வித்தியாசமே அங்குதான். முறிந்த முனைகளைச் சட்டென்று ஒட்டும் முறைக்கு எந்த முனை எதோடு சேர வேண்டும் என்று தெரியாது. ஒரே நேரத்தில் பல முறிவுகள் இருந்தால் ஒரு குரோமோசோம் துண்டு இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். பிழையில்லாமல் சேர்க்கும் முறைக்குப் பார்த்து எழுத ஒரு பிரதி வேண்டும். செல் டி.என்.ஏ.வை நகலெடுத்த பிறகே அது கிடைக்கும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் வேலை செய்வது இந்த முறையில்தான்.

நாகர்கோவில்: அப்பாவுக்கு வயிற்று சி.டி. ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். கதிர்வீச்சு ஏறக்குறைய 10 மில்லிசீவர்ட் என்கிறார்கள். மறுத்துவிடவா?

மறுக்காதீர்கள். நோயைத் தவறவிடும் ஆபத்து அதைவிடப் பெரிது. அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா என்று ஒருமுறை கேளுங்கள், அவற்றில் இந்தக் கதிர்வீச்சு கிடையாது. பழைய ஸ்கேன் படங்களையும் அவை பதிந்த குறுந்தட்டையும் கையோடு கொண்டுபோங்கள். அவை இல்லாததாலேயே பலருக்கு அதே ஸ்கேனை மறுபடி எடுக்கிறார்கள். அப்பாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.