ஏடிஎம்மில் வரும் நோட்டு நல்ல நோட்டுதானா? – கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோரத் தமிழர்கள் கேட்டவற்றுக்கு, வங்கிப் பணப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (வேலந்தாவளம், பால் வியாபாரி): ஏடிஎம்மில் வைக்கும் நோட்டுகளை யாராவது சோதிக்கிறார்களா, ஐயா?

பதில்: சோதித்தே ஆக வேண்டும். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நோட்டுகளை, கவுன்டரிலோ ஏடிஎம்மிலோ மறுபடி கொடுக்கும் முன், தரம்பிரிக்கும் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஏடிஎம் வழியாகக் கள்ள நோட்டு வெளியே வந்தால், வங்கியே அதைப் புழக்கத்தில் விட முயன்றதாகக் கருதப்படும் என்றும் அந்த விதி சொல்கிறது. பணம் போடவும் எடுக்கவும் உதவும் இயந்திரங்களில் ஒருவர் போட்ட நோட்டே அடுத்தவருக்கு வரக்கூடும் என்பதால், அவை நோட்டை உள்ளே வாங்கும்போதே சோதிக்கின்றன.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, மளிகைக் கடைக்காரர்): 500 ரூபாய் நோட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் நோட்டைச் சாய்த்துப் பாருங்கள். பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற வேண்டும். வலப்பக்கக் கீழ்ப்பகுதியில் ரூபாய்க் குறியுடன் உள்ள 500 என்ற எண்ணும் அவ்வாறே மாற வேண்டும். பிறகு விளக்குக்கு நேரே பிடித்தால், வெற்றிடத்தில் காந்தியின் உருவமும் அருகில் 500 என்ற எண்ணும் நீர்க்குறியாகத் தெரியும். இரு ஓரங்களிலும் ஐந்தைந்து சாய்கோடுகள் விரலுக்குத் தட்டுப்படும்; பழைய நோட்டில் இவை தேய்ந்திருக்கலாம் என்பதால், நான் இழையையும் நீர்க்குறியையுமே பெரிதும் நம்புவேன்.

பணம் எடுக்கும்போதே சந்தேகம் வந்தால், ஏடிஎம் அறையை விட்டு வெளியேறாமல், நோட்டை அங்குள்ள கேமராவுக்கு நேராகக் காட்டிவிட்டு, வங்கியின் உதவி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நோட்டின் எண் கேமராவில் தெளிவாக விழாமல் போகலாம். ஆனாலும் அதே இடத்தில், அதே நேரத்தில் நீங்கள் சந்தேகப்பட்டது பதிவாகிவிடும். ஏடிஎம் ரசீதில் நோட்டு எண்கள் இருப்பதில்லை என்பதால் இந்தப் பதிவு மிக முக்கியம்.

கேள்வி (கோபாலபுரம், கல்லூரி மாணவி): நோட்டின் எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி இருக்கிறதே?

பதில்: நல்ல நோட்டுதான் அம்மா. அச்சில் பழுதான நோட்டுக்கு மாற்றாகச் சேர்க்கப்படுவது அது.

கேள்வி (மீனாட்சிபுரம், தென்னை விவசாயி): பொள்ளாச்சி ஏடிஎம்மில் எடுத்த பணத்தைச் சித்தூரில் ஒரு வங்கியில் கட்டியபோது, ஒரு நோட்டைக் கள்ள நோட்டு என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். நோட்டும் இல்லை, பணமும் இல்லை. இது நியாயமா?

பதில்: உங்கள் வேதனை புரிகிறது, உழைத்த காசு அது. ஆனால் கள்ள நோட்டைத் திருப்பித் தரவோ, அதற்கு ஈடாகப் பணம் வரவு வைக்கவோ வங்கிக்கு அனுமதி இல்லை. முத்திரை குத்தி வைத்துக்கொண்டு, உங்களுக்கு ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும். அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஒரே தடவையில் நான்கு நோட்டு வரை என்றால் மாதாந்தர அறிக்கையில் காவல்துறைக்குத் தெரிவிப்பார்கள். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் வழக்குப் பதியப்படும். ஒப்புகைச் சீட்டையும் ஏடிஎம் ரசீதையும் இணைத்து, உங்கள் கணக்குள்ள வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பணம் எடுத்தது தமிழ்நாட்டில், கட்டியது கேரளத்தில் என்பதால் எதுவும் மாறாது. இரு பக்கமும் ஒரே விதிதான்.

கேள்வி (அதே விவசாயி): அன்றே சந்தையில் மாற்றியிருந்தால் நஷ்டம் வந்திருக்காது என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். கள்ள நோட்டு என்று தெரிந்தும் கைமாற்றுவது, குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 179ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனை வரை விதிக்கத்தக்க குற்றம். அதோடு, அந்த நஷ்டம் சந்தையில் கீரை விற்கும் ஒரு பெண்ணின் தலையில் போய் விழுந்திருக்கும்.