யாரு கணக்குல?

அன்புள்ள அக்கா,

கோவையில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி இறுதியாண்டு படிக்கிறேன். வேலைக்குப் போக பிசினஸ் ஸ்கில்ஸ் வேண்டும் என்று கல்லூரிக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அடுத்து எம்.பி.ஏ. சேரட்டுமா? ஆய்வகக் கிட்டுகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் விற்பனை வேலை கிடைக்கும் போலிருக்கிறது. இவ்வளவு படித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அலைவதா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆங்கிலமும் சரளமாக வராது. கணக்கு வழக்கையெல்லாம் காமர்ஸ் படித்தவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

இரா., கோவை

அன்புள்ள இரா.,

ஆங்கிலத்தை விடுங்கள், பேசப் பேச வந்துவிடும். எம்.பி.ஏ.வும் இப்போது வேண்டாம். இரண்டு வருடம் வேலை பார்த்தால் அது தேவையா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். உங்கள் கடைசி வரிதான் என்னை உட்காரவிடவில்லை. போன மாதம் வீடு மாற்றும்போது பரணிலிருந்து என் பழைய ஆய்வக நோட்டு ஒன்று கிடைத்தது. அன்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் வாழைத் திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் சேர்ந்தேன். கிழங்கின் குருத்துத் திசுவைப் பாட்டிலில் வளர்த்துப் பல கன்றுகளாகப் பெருக்கும் இடம். ஜி9 ரகம். பாட்டிலில் வளர்ந்ததைப் பிரித்துப் புதுப் பாட்டில்களுக்கு மாற்றிப் பெருக்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு சப்-கல்ச்சர். எந்தத் தொகுதி எத்தனையாவது சப்-கல்ச்சர் என்று எழுதிவைப்பது என் வேலை. நோட்டின் ஒரு பக்கத்தில் 8 என்று எழுதி, அதை அடித்து 9, அதையும் அடித்து 10 என்று இருக்கிறது. பெரிய ஆர்டர் வந்திருந்தது. புதுக் கிழங்கிலிருந்து ஆரம்பிக்க நேரம் இல்லை. இருக்கிற பாட்டில்களையே இன்னும் இரண்டு சுற்று பெருக்கச் சொன்னார்கள். சுற்று கூடக்கூட, தாயைப் போல இல்லாத மாறுகன்றுகளும் கூடும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

நட்டு நாலு மாதம் கழித்து, சின்னமனூர் பக்கம் ஒரு பெரியவருடைய தோட்டத்துக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு ஏக்கர், ஆறுக்கு ஆறு அடியில் 1,200 கன்று. நெஞ்சளவு வளர்ந்த வாழைகளுக்கு நடுவே அங்கங்கே முழங்கால் உயரத்தில் குட்டைகள், இலையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிப்போய். மோட்டார் ரூம் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிடுங்கிய குட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். வேரில் மண் ஈரம் காயவில்லை. திசு வளர்ப்பில் கன்று இப்படி மாறிப்போவதுதான் சோமாகுளோனல் வேரியேஷன் என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "அது சரி தாயி, இது யாரு கணக்குல?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. போனது கன்றுக்குக் கொடுத்த காசு மட்டுமா? நாலு மாத உரம், தண்ணீர், களைக்கூலி. அந்தக் குழியில் புதுக்கன்று வைத்தாலும் அது நாலு மாதம் பிந்தித்தான் தார் தள்ளும். அந்த நாலு தாருக்காக வியாபாரி இன்னொரு தடவை வண்டி அனுப்பமாட்டார்.

இப்போது சொல்லுங்கள், அந்தப் பத்தாவது சுற்று அறிவியல் முடிவா, வியாபார முடிவா?

ஒரு கணக்குப் போடுவோம். கூடத்துக்கு மாதம் 1,00,000 ரூபாய் செலவு, 10,000 கன்று வருகிறது என்று வையுங்கள். கன்றுக்கு 10 ரூபாய். பாட்டிலிலிருந்து எடுத்து, வெளிச்சூழலுக்குப் பழக்க ஹார்டனிங் வைக்கும்போது 2,000 செத்தால், மிச்சமுள்ள 8,000 கன்றும் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும். அடக்க விலை 12 ரூபாய் 50 காசு. அதில் 400 குட்டையாகி, பதில் கன்று இலவசமாகக் கொடுத்தால் 13 ரூபாயைத் தாண்டிவிடும். 12 ரூபாய்க்கு விற்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், கன்று போகப் போக நட்டம். கூட்டிக் கழிக்க யாராலும் முடியும். ஆனால் அந்த 2,000 ஏன் செத்தது என்று கன்றுகளுக்குப் பனிபோல் நீர் தெளிக்கும் மிஸ்ட் சேம்பரில் நின்றவருக்குத்தான் தெரியும். 400 வரும் என்று முன்கூட்டியே சொல்ல, சப்-கல்ச்சர் நோட்டைக் கையில் வைத்திருப்பவரால்தான் முடியும். காமர்ஸ் படித்தவர் அந்த எண்களை எங்கே போய்த் தேடுவார்? நீங்கள்தானே கொடுக்க வேண்டும்! நான் கொடுக்கவில்லை. அந்தப் பெரியவர் தலையில் விழுந்தது.

ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸைப் பாருங்கள். 1993-இல் அதைத் தொடங்கிய வரப்பிரசாத் ரெட்டி உயிரியல் படித்தவர் அல்ல, பொறியாளர். வெளிநாட்டிலிருந்து வந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அப்போது ஒரு டோஸே பல நூறு ரூபாய். 1997-இல் இவர்கள் ஈஸ்டை வைத்துத் தயாரித்த ஊசியை 50 ரூபாய் அளவில் கொண்டுவந்தார்கள். மக்களால் இந்த விலைக்குத்தான் வாங்க முடியும் என்று தெரிந்தபின், அந்த விலையில் தடுப்பூசிக்கான புரதத்தை எடுத்துச் சுத்திகரிக்க வழி தேடியவர்கள் விஞ்ஞானிகள்தான். கணக்கு அவர்களுடைய மேசையிலும் இருந்தது.

இன்னொன்று. பை தூக்குவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கிட் விற்கிறவர் இருபது ஆய்வகங்களின் படியேறுகிறார். எந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் சொதப்புகிறது, ஆர்டரில் கையெழுத்துப் போடுவது யார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐஸ் உருகிப்போய் வந்த தெர்மாகோல் பெட்டிக்கு யார் பொறுப்பு, எல்லாம் அவருக்குத் தெரியும். கிருமி படாமல் வேலை செய்யும் ஹூட்டுக்கு முன்னால் மட்டுமே உட்கார்ந்திருந்த எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. அந்த வேலையை இழிவாக நினைக்காதீர்கள். வீட்டிலும் இதைச் சொல்லுங்கள். உங்கள் அப்பா கேட்டால் என் பதிலையே காட்டுங்கள்.

உங்கள் ப்ராஜெக்டில் டி.என்.ஏ.வைப் பல நகல் எடுக்கும் பி.சி.ஆர். செய்திருப்பீர்கள். ஒரு ரியாக்ஷனுக்கு எவ்வளவு ஆயிற்று? என்சைம், பிரைமர், பிளாஸ்டிக், கரண்ட், வேலை செய்யாமல் போன ஜெல்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். ஸ்டோர்ஸில் பில் கேட்டால் காட்டுவார்கள். அந்தத் தொகையை எழுதி அனுப்புங்கள் தம்பி, மற்றதை அப்புறம் பேசுவோம்.