ஓட்ஸ் உப்புமா ஏன் களியாகிறது? காரசாரமான ஓட்ஸ் காலை உணவு: கேள்வி-பதில்

கேள்வி: ரவைக்கு வைப்பதுபோல ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்துத்தான் ஓட்ஸ் உப்புமா கிளறுகிறேன். ஒவ்வொரு முறையும் களியாகிவிடுகிறது. வறுத்துப் போட்டாலும் அப்படித்தான்.

பதில்: ரவையை மறந்துவிட்டு அவல் உப்புமாவை நினைத்துக்கொள்ளுங்கள். ரவை பச்சைத் தானியம்; அது கொதிநீரில் வேக வேண்டும். ரோல்டு ஓட்ஸை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து, உருளையில் தட்டையாக்கித்தான் பாக்கெட்டில் போடுகிறார்கள். அதற்கு ஊறினாலே போதும். ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. தண்ணீர் அதிகமாகி, கரண்டியும் ஓயாமல் சுழன்றால் அது கரைந்து கொழகொழப்பாகிவிடும். வறுப்பது உதவும், ஆனால் இரண்டு பங்கு தண்ணீரை அதனால் சமாளிக்க முடியாது.

இப்படிச் செய்து பாருங்கள். 1 கப் ரோல்டு ஓட்ஸை 1 டீஸ்பூன் எண்ணெயில், மிதமான தீயில் 5 நிமிடம் வறுங்கள். நிறம் மாற வேண்டாம். விரலில் எடுத்து நசுக்கினால் நறுக்கென்று உடைய வேண்டும். ஆறியதும் கால் கப் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, புட்டு மாவு பிசிறுவதுபோலக் கையால் தெளித்துப் பிசிறி 5 நிமிடம் மூடி வையுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தையும் காய்களையும் வாணலியிலேயே முழுதாக வேகவைத்துவிடுங்கள். ஓட்ஸைச் சேர்த்த பிறகு காய் வேகட்டும் என்று காத்திருந்தால் மறுபடியும் களிதான். காயில் ஈரம் வற்றியதும் ஓட்ஸைப் போட்டு, இரண்டு புரட்டு புரட்டி, சிறு தீயில் 3 நிமிடம் மூடுங்கள். இன்னும் விறைப்பாக இருந்தால் ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான்.

கேள்வி: கடையில் மூன்று நான்கு வகை இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: உப்புமாவுக்குத் தடித்த ரோல்டு ஓட்ஸ். இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெல்லியதாக, பொடிப்பொடியாக இருக்கும். தண்ணீர் பட்டதும் குழையும் என்பதால் தோசைக்கும் அடைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் கட் ஓட்ஸ் தட்டையாக்காத, நறுக்கிய தானியம். அது திறந்த பாத்திரத்தில் வேக 25 நிமிடமாவது ஆகும். இரவே ஊறவைத்தால் நேரம் குறையும். மசாலா கலந்த பாக்கெட் வாங்குகிறவர்கள் லேபிளில் சோடியம் அளவைப் பார்த்துவிடுங்கள், முக்கியமாக வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால்.

கேள்வி: வெண்பொங்கலுக்கு ஓட்ஸையும் பாசிப்பருப்பையும் ஒன்றாகக் குக்கரில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். ஓட்ஸ் நுரைத்துப் பொங்கி வெயிட் துளையை அடைக்கக்கூடும்; பருப்பு வேகும் நேரத்தில் ஓட்ஸ் பசையாகியும் போகும். அரை கப் பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, ஒன்றரை கப் தண்ணீரில் 4 விசில் வைத்து மசித்துக்கொள்ளுங்கள். 1 கப் ஓட்ஸை நெய்யில் 3 நிமிடம் வறுத்து, 2 கப் கொதிநீருடன் பருப்பில் சேர்த்து, சிறு தீயில் 5 நிமிடம். ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரியை நெய்யில் தாளித்துக் கொட்டுங்கள். இறக்கும்போது கஞ்சிபோலத் தளர்ந்திருந்தால்தான் தட்டுக்கு வரும்போது பொங்கல் பதமாக இருக்கும். ஆற ஆற இறுகும் என்பதால் டிபன் பாக்ஸுக்கு இன்னும் கால் கப் வெந்நீர் கூடுதலாக விடுங்கள்.

கேள்வி: ஓட்ஸ் தோசை கல்லில் ஒட்டிக் கிழிகிறது.

பதில்: ஓட்ஸ் மாவை மட்டும் கரைத்தால் மொறுமொறுப்பு வராது, எடுக்கவும் வராது. 1 கப் ஓட்ஸ் மாவு, அரை கப் அரிசி மாவு, கால் கப் ரவை, அரை கப் புளித்த தயிர், இரண்டரை கப் தண்ணீர் எனக் கரைத்து 15 நிமிடம் வையுங்கள். மாவு மோர்போல ஓட வேண்டும். ரவா தோசைக்குச் செய்வதுபோல ஓரத்திலிருந்து உள்நோக்கி ஊற்றுங்கள். கரண்டியால் தேய்க்கவே கூடாது. மிதமான தீயில், விளிம்பு தானாகக் கல்லைவிட்டு எழும்பும்வரை பொறுங்கள். அவசரப்பட்டுத் திருப்புவதால்தான் பெரும்பாலும் கிழிகிறது. ஓட்ஸ் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று தோசைக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் விட்டு, அடியோடு கலக்கி ஊற்றுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்கு ஓட்ஸ் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

பதில்: இல்லை. 40 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அளவை 40 கிராமில் நிறுத்தி, அதே அளவுக்குக் காயும், கூடவே பருப்போ முட்டையோ சேர்ப்பது நல்லது. ரோல்டு ஓட்ஸைவிட இன்ஸ்டன்ட் சீக்கிரம் செரித்து, சர்க்கரையையும் சீக்கிரம் ஏற்றும்.

கேள்வி: பாக்கெட் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது, லேசாகக் கசக்கிறது.

பதில்: கொட்டிவிடுங்கள். ஓட்ஸில் கொழுப்பு அரிசியைவிடப் பல மடங்கு அதிகம்; அது சிக்கடித்துவிட்டது. வறுத்தாலும் போகாது. சிறிய பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கேள்வி: மகளுக்குக் கோதுமை ஆகாது. ஓட்ஸ் தரலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். ஓட்ஸ் வேறு தானியம்தான் என்றாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது. அவர் சம்மதித்தால் ‘குளூட்டன் ஃப்ரீ’ (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லாதது) என்று அச்சிட்ட பாக்கெட்டாகப் பாருங்கள். தோசை மாவில் ரவையை விட்டுவிடுங்கள், அதுவும் கோதுமைதான். அந்தக் கால் கப்புக்கும் அரிசி மாவே போடலாம். பலரும் கவனிக்காதது பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா சேர்க்கிறார்கள். லேபிளில் மைதாவோ கோதுமையோ இருந்தால், தாளிப்பில் சீரகத்தையும் இஞ்சியையும் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.