சுவர் விழுந்த இடத்தில் தற்காலிக வேலி போடலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு 1996-ல் அப்பா கட்டிய காம்பவுண்டு சுவர் ஐப்பசி மழையில் சரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மண் நிரப்பித் தன் மனையை மூன்றடி உயர்த்தியதுதான் காரணம். அப்பா இருந்தவரை குடும்பமாகப் பழகியவர், இப்போது "சுவரே என் இடத்தில்தான் இருந்தது" என்று கூசாமல் சொல்கிறார். மாடு புகாமல் இருக்க, எங்கள் பக்கம் இரண்டடி தள்ளி முள்கம்பி வேலி போட்டிருக்கிறோம். இடிபாட்டை அள்ளிவிட்டுப் புதுச் சுவர் கட்டலாமா? செலவை அவரிடம் வாங்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் அள்ளாதீர்கள். பழகிய கதையும் பேசிய பேச்சும் மனுவில் ஒரு வரிக்குத் தேறாது. உங்கள் கடிதத்தில் விஷயம் ஒன்றுதான், அந்த இரண்டடி.

வழக்கு என்று வந்தால், இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் அனுப்பும் வக்கீலான அட்வகேட் கமிஷனர் வருவார். மாட்டுக்காகத் தள்ளிப் போட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. வேலி எங்கே நிற்கிறதோ அதைத்தான் அறிக்கையில் எழுதுவார். இடத்துக்குள் வரக்கூடாது என்று தடை மட்டும் கேட்கும் உறுத்துக்கட்டளை வழக்கில், வழக்குப் போட்ட அன்று இடம் யார் அனுபவத்தில் இருந்தது என்பதுதான் முக்கியம். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அந்த இரண்டடியில் நாலு வாழைக்கன்று நட்டுவிட்டால், "எல்லை இதுதான், வேலியைப் போட்டதே அவர்கள்தான்" என்பார். அப்புறம் நீங்கள் உரிமை விளம்புகையும் (இடம் உங்களுடையது என்ற அறிவிப்பு) சுவாதீனமும் (இடத்தைத் திரும்ப ஒப்படைப்பது) கேட்டுத்தான் வழக்குப் போட வேண்டியிருக்கும். உரிமையிலேயே தகராறு இருந்தால் வெறும் தடை மட்டும் கேட்டுப் பயனில்லை என்று அனாதுல சுதாகர் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் 12 வருடம் சும்மா இருந்தால், இத்தனை வருடம் அனுபவித்ததால் இடம் தனக்கே என்று எதிரிடை அனுபவம் வேறு பேசுவார். அதை நிரூபிப்பது லேசில்லை. ஆனாலும் அந்த வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்? வேலி தற்காலிகமானது, எல்லை பழைய கடைக்கால்தான் என்று இந்த வாரமே அவருக்குப் பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள்.

கடைக்கால் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜேசிபியை விட்டு அதையும் தோண்டிப் போட்டுவிட்டு வருகிற கட்சிக்காரர்களைப் பார்த்து அலுத்துவிட்டது. மண்ணுக்குள் கிடக்கும் அந்தக் கல்வரிசைதான் உங்களுடைய ஒரே பழைய சாட்சி. படம் எடுத்து வையுங்கள். தாலுகா சர்வேயர் உங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு எஃப்எம்பி (அரசின் புல அளவு வரைபடம்) படி அளக்கும்வரை அதில் கை வைக்காதீர்கள். தனியார் சர்வேயர் போட்ட கோட்டில் கட்டினால், கட்டியதை இடிக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போடுவார்.

செலவுக்கு வருவோம். மண் அழுத்தித்தான் விழுந்தது என்று இன்ஜினியர் அறிக்கையோடு நிரூபித்தால், மூன்று வருடத்துக்குள் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் 1996 சுவருக்குத் தேய்மானம் போக மிஞ்சுவது வக்கீல் ஃபீஸுக்குச் சரியாகப் போகும். (என் ஃபீஸையும் சேர்த்துத்தான்.)

பேசி முடியுங்கள். பழைய கடைக்கால் கோட்டிலேயே புதுச் சுவர், செலவு பாதிப் பாதி, மூன்றடி மண்ணைத் தாங்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு மட்டும் அவருடையது என்று கேட்டுப் பாருங்கள். தயங்கினால், 2019-ல் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுவர் விழுந்து 17 பேர் இறந்ததையும் இடத்துக்காரர் கைதானதையும் நினைவுபடுத்துங்கள். பழைய கோட்டையே இருவரும் ஏற்றுக்கொண்டால், அளவீட்டு வரைபடத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அரையடி விட்டுக்கொடுப்பதாக இருந்தால் பத்திரம் பதிவு செய்தே ஆக வேண்டும். வெறும் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.