மின்தடை அறிவிப்பும் 40 மீட்டர் இரைச்சலும்

வணக்கமுங்க அண்ணா,

பல்லடம் பக்கத்துல இருந்து எழுதறேன். பொழுதுபோக்கா ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கற ஹாம் ரேடியோவுக்கு ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ் வாங்கி நாலு மாசமாச்சுங்க. பழைய ரிக் (பேசவும் கேக்கவும் ஆகற செட்) ஒன்னு வாங்கி, மொட்டை மாடியில 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, டைபோல்ங்கற கம்பி ஆன்டெனா கட்டியிருக்கேன். காலையில ஆறரைக்குக் கேட்டா எவ்வளவு பலமா வருதுன்னு காட்டற எஸ் மீட்டர் 3-ல நிக்குது, பெங்களூரு, கேரளா எல்லாம் நல்லா வருது. ஏழுக்கு மேல இரைச்சல் ஏற ஆரம்பிச்சு 9-க்குப் போயிருது, யாரு பேசறதும் கேக்கறதில்லை. சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு எறங்கும். அப்புறம் ஆறரைக்கு மேல வேற மாதிரி ஒரு கரகரப்பு. எங்க வீட்டுக்கு மேற்கால பங்காளி வீட்டுத் தறிக்குடோன், அதனாலயோன்னு நெனச்சேன். டிவியில சூரியப் புயல்னு வேற சொல்றாங்க, அதுவா இருக்குமோ?

இன்னும் ரெண்டு கேள்விங்க. எங்க மாப்பிள்ளை மாரியம்மன் நோம்பிக்குன்னு ஆன்லைன்ல நாலு வாக்கி டாக்கி வாங்கிட்டாப்ல. இதை விக்கறவங்களுக்கே அரசாங்கம் நோட்டீஸ் விட்டுதுன்னு பேப்பர்ல படிச்சேன், சிக்கல் வருமா? வயநாடு நிலச்சரிவுல ஹாம் ஆளுங்க உதவுனாங்கன்னு செய்தியைக் காட்டினா, "செல்போன் இருக்கறப்ப இந்தக் கம்பியெல்லாம் எதுக்குடா"ன்னு அப்பா கேக்கறாருங்க. என்னன்னு சொல்றது?

ஒரு வாசகர், பல்லடம்

அன்புள்ள தம்பிக்கு,

விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "ஒரே இரைச்சல்" என்று நிறுத்திக்கொள்ளாமல் மணிக்கணக்கு எழுதியிருக்கிறீர்கள். வீட்டு இரைச்சல் எல்லாவற்றுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு, ஆளைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

சூரியப் புயலை முதலில் விட்டுவிடலாம். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த பெரிய காந்தப்புயலில் லடாக்கின் ஹான்லேயில் கூட வானம் சிவந்தது. நம் தொலைக்காட்சிகள் அதிலிருந்து மாதம் ஒரு தடவை செல்போன் செத்துப்போகும் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் பகல் பக்கத்தில் வளிமண்டலத்தின் டி அடுக்கு தடித்து, உங்கள் 40 மீட்டர் உள்ளிட்ட சிற்றலையை விழுங்கிவிடும். குரல்களோடு தொலைதூர இடிமின்னலின் கரகரப்பும் சேர்ந்து மறைவதால் பேண்டே காலியானது போல் இருக்கும். சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் போல நீடித்துச் சரியாகிவிடும். ரிக் கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி வந்தால் சூரியனைக் கேளுங்கள். இரைச்சல் வந்தால் அக்கம்பக்கத்தைக் கேளுங்கள்.

தறி மேலும் பழி போட வேண்டாம். சாதாரண விசைத்தறியை ஓட்டும் மோட்டாரில் பிரஷ் கிடையாது. ஸ்டார்ட்டர் விழும்போது 'டக்' என்று ஒரு பொறி கேட்கும், அவ்வளவுதான். (வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் வைத்த ஆட்டோலூம் என்றால் கதை வேறு.) காதைப் பிளக்கிற தறி ரேடியோவுக்கு ஊமை. காதுக்குச் சத்தமே இல்லாமல் சுவரில் தொங்குகிற பெட்டிதான் ரேடியோவுக்குப் பேரிரைச்சல். குடோன் கூரையில் சோலார் தகடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பொழுது ஏறும்போது ஏறி பொழுதோடு இறங்குகிற இரைச்சல் என்றால் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரு மேகம் கடக்கும்போது ரிக் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். மேகத்தோடு இரைச்சலின் சுருதி மாறினால், தகட்டின் டிசியை வீட்டுக் கரண்டாக மாற்றும் அந்தச் சுவர்ப் பெட்டி, சோலார் இன்வெர்ட்டர்தான்.

உறுதிப்படுத்த, செய்தித்தாளில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு மூலை உதவும்: 'நாளை மின்தடை'. துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 4 வரை என்று ஊர்ப் பட்டியலோடு வருமே, அதுதான். ஒரு ஹாமுக்குத் தலைப்புச் செய்தியைவிட அது பெரிய செய்தி. அன்று உங்கள் வீட்டு யூபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டு, ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். சுற்று வட்டாரமே அமைதியாக இருக்கும்போது காட்டும் அளவுதான் உங்கள் இடத்தின் உண்மையான அடிமட்டம். அது எஸ்2 என்றால் மிச்சம் எல்லாம் மனிதர் செய்தது.

அதைவிட முக்கியம், கரண்ட் திரும்பி வரும் நிமிடம். ஆன்-கிரிட் (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும்) சோலார் இன்வெர்ட்டர், உச்சி வெயில் அடித்தாலும் லைனில் கரண்ட் இல்லாவிட்டால் நின்றுவிடும். பராமரிப்பு வேலை செய்பவர் மேல் ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் உடனே சேராது. லைன் நிலையாக இருக்கிறதா என்று ஒன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரை பார்த்துவிட்டுத்தான் சேரும். பல்பு, சார்ஜர், டிவி எல்லாம் அந்த நொடியிலேயே வந்துவிடும். ஆகவே கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் வந்த நொடியில் எகிறுகிற இரைச்சல் வீட்டுச் சாமான்களுடையது. சில நிமிடம் கழித்து இரண்டாவதாக ஒரு படி ஏறினால் அது சோலார். குடோனில் ஜெனரேட்டரோ பேட்டரி வைத்த ஹைப்ரிட் இன்வெர்ட்டரோ இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது.

திசை தெரிய ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். மத்திய அலையில், கோவை வானொலியின் 999-ஐ விட்டுத் தள்ளி, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் கருப்பு ஃபெரைட் குச்சியின் முனை இரைச்சல் வரும் பக்கத்தை நேராகப் பார்க்கும்போது சத்தம் மிகக் குறையும். சத்தம் கூடுவதைவிடக் குறைவதுதான் துல்லியமாகத் தெரியும். இரண்டு இடங்களில் நின்று பார்த்தால் இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் ஆள் அகப்படுவான்.

சோலார்தான் என்று ஆகிவிட்டால், குற்றவாளி பெரும்பாலும் கூரையிலிருந்து இறங்கும் டிசி வயர்கள். பிளஸ் ஒரு பக்கம், மைனஸ் ஒரு பக்கம் என்று இழுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து பெரிய லூப் ஆன்டெனா ஆகிவிடும். இரண்டையும் ஒட்டுக்கா முறுக்கியோ, ஒரே குழாயில் கட்டியோ கொண்டுவந்தாலே பாதி குறையும். அடுத்தது இன்வெர்ட்டர் பக்கத்தில், இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம். பிளஸ், மைனஸ் இரண்டும் ஒரே வளையத்துக்குள் போக வேண்டும். கடையில் கிடைக்கும் சாம்பல் நிறக் கிளிப்பை ஒரு தடவை மாட்டினால் 7 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் ஆகாது. பெரிய வளையமாக வாங்கி, வயரை மூன்று சுற்று விட்டால் இரைச்சலுக்கான தடை ஏறத்தாழ ஒன்பது மடங்காகும். இந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். அந்த வயரில் பல நூறு வோல்ட் டிசி ஓடுகிறது. வெயிலில் லோடோடு கனெக்டரைப் பிடுங்கினால் பொறி அணையாமல் நீளும். பொருத்திக் கொடுத்தவரே ஏசி, டிசி இரண்டையும் அணைத்துவிட்டுச் செய்யட்டும். பங்காளியிடம் "உன் சோலார் என் ரேடியோவைக் கெடுக்குது" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு காட்டு வரப்பு வரைக்கும் போகும். ரிக்கின் சத்தத்தை அவருக்குக் கேட்க வைத்து, வளையத்துக்கான காசையும் ஆள் கூலியையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் உங்கள் பக்கம் செய்ய வேண்டியது நிறைய. மொட்டை மாடியில் தாழ்வாகக் கட்டிய டைபோல் வீட்டு வயரிங்கின் தலை மேல் உட்கார்ந்திருக்கிறது. தோட்டத்தில் தென்னை இருந்தால் ஆன்டெனாவை அங்கே மாற்றுங்கள். பிவிசி உறை போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர் போதும். ஒரு பக்கத்துக்கு 10.3 மீட்டர் வெட்டிக் கட்டிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீளத்தைக் குறையுங்கள். இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர் குறைத்தால் ஆன்டெனாவின் அலைவரிசை சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். உறை உள்ள வயர் கணக்குக்கு வருவதைவிடக் கொஞ்சம் குட்டையாகத்தான் முடியும், பயப்பட வேண்டாம். உயரம் 10 மீட்டர். வயரின் இரண்டு முனைகளில் ஒன்று குடோனைப் பார்த்து இருக்கட்டும். முனை வாட்டத்தில் டைபோல் குறைவாகத்தான் வாங்கும்.

தென்னையில் கட்டுவோர் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறார்கள்: இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிவிடுவது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கும்போது இரண்டு மரமும் இரண்டு திசையில் ஆடும், செம்பு நீண்டு ஒரு வாரத்தில் அறும். ஒரு பக்கம் கிணற்று ராட்டினம் மாதிரி சின்ன உருளை வைத்து, கயிற்று முனையில் 5 லிட்டர் கேனைப் பாதி மணல் போட்டுத் தொங்கவிடுங்கள். மரம் ஆடினால் கேன் ஏறி இறங்கும், வயர் தப்பிக்கும். கரண்ட் லைனுக்கு மேலேயோ கீழேயோ வயர் போகவே கூடாது.

ரிக்கிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிள் ஆன்டெனாவோடு இணையும் இடத்தில் ஒரு சோக் (இரைச்சலைத் தடுக்கும் சுருள்) அவசியம். இல்லாவிட்டால் கேபிளின் வெளி உறையே வீட்டு இரைச்சலைச் சுமந்து மேலே கொண்டுபோய் ஆன்டெனாவில் ஊற்றும். போர்வெல் சாமான் கடையில் கிடைக்கும் 4 அங்குல பிவிசி குழாயில் ஆர்ஜி-58 கேபிளை 12 சுற்று, ஒன்றுக்கு அடுத்து ஒன்றாக, ஒரே அடுக்காகச் சுற்றுங்கள். நாலரை மீட்டர் கேபிள் பிடிக்கும். கயிற்றுச் சுருள் போல அள்ளிக் கட்டினால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒட்டிக்கொண்டு சோக் வேலை செய்யாது.

ஆறரை மணிக் கரகரப்பு எல்இடி பல்பு. எல்லா எம்சிபியையும் (அறைவாரியான சுவிட்ச்) இறக்கிவிட்டு, மெயின் இருக்க, ரிக்கைப் பேட்டரியில் கேட்டுக்கொண்டே அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டால் எந்த அறை என்று தெரிந்துவிடும். விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடிமட்ட விலைப் பல்புக்குள் வெறும் கன்டென்சரும் டயோடும்தான் இருக்கும், அது கண்ணுக்குத்தான் கெடுதல், ரேடியோவில் சத்தமே போடாது. சுவிட்சிங் டிரைவர் வைத்துவிட்டு, கரண்ட் நுழையும் இடத்தில் வைக்க வேண்டிய காயிலையும் கன்டென்சரையும் மிச்சம் பிடித்த நடுத்தர விலைப் பல்புதான் தொல்லை. மெயினை அணைத்தும் போகாவிட்டால் தெருவிளக்கு.

கோடையில் இன்னொன்று வரும். கம்பத்தில் லூசான கிளாம்பு, பஞ்சுத் தூசி படிந்த இன்சுலேட்டர். நொடிக்கு நூறு தடவை துடிக்கும் உறுமல் அது, முதல் மழை விழுந்ததும் நின்றுவிடும். கம்பத்தைத் தட்டிப் பார், ஸ்டே கம்பியை ஆட்டிப் பார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

வாக்கி டாக்கிக்கு வருகிறேன். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது உண்மை. லைசென்ஸ் தேவை என்பதையும், எந்த அலைவரிசை என்பதையும் சொல்லாமல் விற்றதுதான் குற்றச்சாட்டு. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பேச அனுமதி உள்ளது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த சக்தியில், வகை ஒப்புதல் பெற்ற கருவியில் மட்டும். மாப்பிள்ளை வாங்கியது 136-174, 400-520 என்று பெட்டியில் போட்டு 5 வாட் என்றால், நோம்பியில் அதைத் தொட வேண்டாம். அந்த எல்லைக்குள் போலீசும் மற்ற துறைகளும் பேசுகின்றன. உங்கள் லைசென்ஸும் அவருக்குக் குடை ஆகாது. லைசென்ஸ் இல்லாதவர் தேர் இழுப்பை ஒழுங்கு செய்ய ஹாம் பேண்டைப் பயன்படுத்த முடியாது. திருப்பிக் கொடுத்துவிட்டு 446 செட் வாங்கச் சொல்லுங்கள், தேர்வீதிக்கு அது எட்டும்.

அப்பாவிடம் வாதம் வேண்டாம், அவர் சொல்வது சரி. செல்போன் வேலை செய்யும்போது ஹாம் ரேடியோ தேவையில்லை. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது ஹாம் பாரதி பிரசாத் (அழைப்புக் குறி வியூ2ஆர்பிஐ) குழுவினர் போர்ட் பிளேரில் ரிக்கோடும் ஆன்டெனாவோடும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் அந்த நொடியில் உதவ முடிந்தது. பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும் கருவியால் அப்படி ஆகாது. 2024 ஜூலை 30 வயநாடு செய்தியைப் படிக்கும்போது வரைபடத்தையும் பாருங்கள். பல்லடத்திலிருந்து வயநாட்டின் தலைநகர் கல்பெட்டா நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் நடுவில் நீலகிரி. கை செட் அந்த மலையைத் தாண்டாது. பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் தாழ்வான டைபோல் (40 மீட்டர் அலைக்கு 10 மீட்டர் உயரமும் தாழ்வுதான்) அலையை நேராக மேலே அனுப்பி, மலைக்கு அந்தப் பக்கம் இறக்கும். இரவில் அந்த அலை பக்கத்து ஊர்களைத் தாண்டிப் போய்விட்டால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்.

ஆனால் அங்கிருந்து பேசுபவர் பேட்டரியில் 20 வாட்டில் இருப்பார். அவர் குரல் உங்களுக்கு எஸ்5 வந்தால், உங்கள் பகல் இரைச்சல் எஸ்9. நடுவில் நாலு எஸ், ஒன்றுக்கு 6 வீதம் 24 டெசிபல், அதாவது சக்தியில் 250 மடங்கு. அதை அவர் பக்கம் ஈடுகட்ட 5000 வாட் வேண்டும். உங்கள் பக்கம் ஈடுகட்ட மேலே சொன்ன குழாயும் வளையமும் கேனும் போதும்.

பேட்டரிக்குத் தனிச் செலவு வேண்டாம். வீட்டு யூபிஎஸ்ஸின் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறதே. யூபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, பிளஸ் முனையை ஒட்டி 25 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயரில் ரிக்குக்கு. மெல்லிய வயர் போட்டால் பேசும்போது வோல்டேஜ் விழுந்து குரல் கிழியும், ரிக் அணைந்தும் போகும். 50 வாட்டில் பேசும்போது 14 ஆம்பியர், கேட்கும்போது 1 ஆம்பியர். ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேசினால் பேட்டரியின் பாதியிலேயே 20 மணி நேரம் ஓடும்.

ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: மணி, அலைவரிசை, எஸ் மீட்டர், மெயின் இருந்ததா இல்லையா. அடுத்த மின்தடையன்று 9 மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். கரண்ட் சில நேரம் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடும், மூன்றரைக்கு டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

அன்புடன்.