ஜெர்மனியில் 'வோர்ம்ஸ்' என்று ஒரு ஊர் இருக்கிறதே, அதன் பெயருக்கு என்ன பொருள்? மத வரலாற்றில் அது ஏன் முக்கியம்?

ஆங்கிலத்தில் படித்தால் 'புழுக்கள்' என்று வருவதால் இந்தச் சந்தேகம் பலருக்கும் உண்டு. புழுவுக்கும் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. ரைன் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய ஊருக்கு கெல்ட் மொழியில் போர்பெட்டோமாகுஸ் என்று பெயர். அது லத்தீனில் வோர்மாட்டியா என்று திரிந்து, தேய்ந்து வோர்ம்ஸ் ஆனது. யூதர்கள் அதையே எபிரேயத்தில் வர்மைசா என்றார்கள்.

மத வரலாறு என்றால் எல்லோரும் முதலில் சொல்வது, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரைத்தான். 1521 ஏப்ரலில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் சபை முன் லூதர் இங்கே நிறுத்தப்பட்டார். திருச்சபைக்கு எதிராக எழுதியதைத் திரும்பப் பெறுகிறாயா என்று கேட்டார்கள். ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, மறுநாள் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் நின்ற மாளிகை இப்போது இல்லை. அந்த இடத்துப் பூங்காவில் வெண்கலத்தில் பெரிய காலணிகள் செய்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அதற்குள் காலை விட்டு நின்று பார்க்கலாம்.

ஆனால் மான்ஹைமில் வேலை பார்த்த நாட்களில் என்னைத் திரும்பத் திரும்ப அந்த ஊருக்கு இழுத்தது 'புனித மணல்' என்ற யூத இடுகாடு. ஷ்பைர், வோர்ம்ஸ், மைன்ஸ் மூன்றின் எபிரேய முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஷூம்' என்பார்கள் (அந்தச் சொல்லுக்குப் பூண்டு என்றும் பொருள்). இடைக்கால ஐரோப்பிய யூதர்களின் கல்விக்கு அவைதான் தாய்வீடு. யூத வேத உரையாசிரியர் ராஷி பிரான்சிலிருந்து வந்து படித்ததும் வோர்ம்ஸில்தான். 1034இல் இங்கே தோன்றிய யூதத் தொழுகைக்கூடத்தை 1938இல் நாஜிகள் எரித்தார்கள். இடிபாட்டுக் கற்களையும் சேர்த்தே அதைத் திரும்பக் கட்டி 1961இல் திறந்தார்கள். 2021இல் யுனெஸ்கோ மூன்று ஊர்களின் யூதச் சின்னங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இடுகாட்டில் 11ஆம் நூற்றாண்டுக் கல்கூட நிற்கிறது. உள்ளே போனதும் ஒட்டினாற்போல இரண்டு கற்கள். ஒன்று ரோத்தன்பர்க் ஊரின் ரப்பி (யூத மதகுரு) மெயிருடையது. மன்னர் அவரைச் சிறையில் வைத்துப் பெரும்பணம் கேட்டார். கொடுத்தால் நாளை எல்லா ரப்பிகளையும் இப்படிப் பிடிப்பார்கள் என்று மெயிரே தடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். 1293இல் சிறையிலேயே இறந்தார். உடலையும் 14 ஆண்டுகள் தரவில்லை. அலெக்சாண்டர் விம்ப்ஃபன் என்ற வணிகர் 1307இல் பணம் கட்டி உடலை மீட்டு அடக்கம் செய்தார். பதிலுக்கு அவர் கேட்டது, தன்னையும் பக்கத்திலேயே புதைக்க வேண்டும் என்பது மட்டும்தான். இரண்டாவது கல் அவருடையது.

இன்றும் அந்தக் கற்களின் மேல் கூழாங்கற்கள் குவிந்திருக்கின்றன. அவற்றுக்கு அடியில் மடித்துச் செருகிய வேண்டுதல் சீட்டுகள், மழையில் நனைந்து மை கலைந்து கிடக்கும். நிமிர்ந்தால் மரங்களுக்கு மேலே பேராலயத்தின் கோபுரங்கள்.

போவதாக இருந்தால் சனிக்கிழமை வேண்டாம், அது யூதர்களின் ஓய்வு நாள். ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போங்கள்.