சிறகு கிழிந்த பருந்து

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாகப் பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன். தொழில் வேறு, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கேமராவைத் தொட முடியும். இரண்டு கேள்விகள். இப்போது 400 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறேன், 600க்குப் போகலாமா? பறவைப் படங்களுக்கு எந்தப் பருவம் சிறந்தது? வலசைப் பறவைகள் திரும்பிப் போனதும் எனக்கு எடுக்க ஒன்றும் இருப்பதில்லை. கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

இந்த முறை ஒரு கொண்டைக்குருவிக் கூடு கிடைத்தது. வெளிச்சம் வருவதற்காக ஒரு சின்னக் கிளையை மட்டும் ஒடித்துவிட்டு, விடுப்பு போட்டு ஐந்து நாள் எடுத்தேன். நண்பர்கள் திட்டுகிறார்கள். இந்தக் கலையின் முன்னோடிகளே கூட்டில்தானே தொடங்கினார்கள்? ஆறு படங்களை அனுப்பியிருக்கிறேன். நான்காவது சரியில்லை, பருந்தின் சிறகு கிழிந்திருக்கிறது. அழிக்க நினைத்து மறந்துவிட்டேன், மன்னிக்கவும்.

கே.

*

அன்புள்ள கே.,

ஆறு படங்களில் நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது அந்த நான்காவதைத்தான். மற்ற ஐந்தும் நன்றாக இருக்கின்றன. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மீனோடு மீன்கொத்தி, தட்டானோடு பஞ்சுருட்டான். இதே படங்களை வேறு ஆட்கள் எடுத்து நீங்களே எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள்.

முதலில் அந்தக் கூட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருக்கும். ‘சின்னக் கிளையை மட்டும்’ என்கிறீர்கள். உங்களுக்குத்தான் அது சின்னக் கிளை, கூட்டுக்குள் கிடக்கிற குஞ்சுக்கு அது கூரை. அந்தக் கிளை அங்கே இருந்ததால்தான் குருவி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. இறகு முளைக்காத குஞ்சின் மேல் மதிய வெயில் நேராக விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிய பறவையியல் படித்திருக்க வேண்டியதில்லை. அதோடு, ஒரு மனிதர் ஐந்து நாள் ஒரே புதரைப் பார்த்துக்கொண்டு நின்றால் மேலே உட்கார்ந்திருக்கும் காக்கைக்குச் சந்தேகம் வராதா? குஞ்சுகள் பிழைத்தனவா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. உங்கள் நண்பர்கள் போதிய அளவு திட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முன்னோடிகள் கூட்டில் தொடங்கினார்கள் என்பது உண்மைதான். 1892ல் இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் ஒரு கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார்கள். ஆனால் அதே சகோதரர்கள், பறவை தங்களைப் பார்த்து மிரண்டுவிடக் கூடாதே என்று, எருதுத் தோலைச் சட்டத்தின் மேல் போர்த்திப் பொய் எருது ஒன்று செய்து அதன் வயிற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள். முன்னோடிகளைத் துணைக்கு அழைப்பதாக இருந்தால் அந்த எருதையும் சேர்த்து அழைத்து வாருங்கள். சரி, விடுங்கள்.

இப்போது பருந்து. படத்தைக் கணினியில் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். இடது சிறகின் நுனியிலிருந்து உடம்பை நோக்கி எண்ணுங்கள். விரல்கள் மாதிரி விரிந்திருக்கும் பெரிய இறகுகள் ஐந்து வரை ஒழுங்காக வருகின்றன. வெளிறிப்போய், ஓரமெல்லாம் அரிக்கப்பட்ட மாதிரி இருக்கின்றன. அப்புறம் ஒரு சந்து, அதன் வழியாக வானம் தெரிகிறது. சந்துக்கு உள்பக்கம் ஓர் இறகு பாதி நீளத்துக்கு மட்டும் வளர்ந்திருக்கிறது. அதற்கும் உள்ளே இருப்பவை முழு நீளம், நல்ல கருமை, வழவழவென்று புதுசு. இனி வலது சிறகை எண்ணுங்கள். அங்கேயும் ஐந்து, அதே இடத்தில் சந்து, அதே அரைகுறை இறகு.

பட்டம் விடும் நூலில் மாட்டியிருந்தால் இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்தா அறுந்திருக்கும்? அந்தச் சிறகு கிழியவில்லை, கே. அந்தப் பருந்து இறகு மாற்றிக்கொண்டிருக்கிறது.

இறகு நம் நகம் மாதிரி, முளைத்து முடிந்ததும் உயிரற்ற பொருள். வெயில், தூசி, கிளையில் உரசல் எல்லாம் சேர்ந்து தேய்த்துவிடும். தேய்ந்ததைச் சரிசெய்ய வழி கிடையாது, உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்க வைக்க வேண்டியதுதான். பருந்துக்கு இரை தேடப் பறந்தே ஆக வேண்டும் என்பதால், உள்ளிருந்து வெளியே, இந்தச் சிறகில் ஒன்று அந்தச் சிறகில் அதன் ஜோடி என்று சமநிலை கெடாமல் மாதக்கணக்கில் மாற்றுகிறது. வாத்துகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. பறப்பதற்கான இறகுகள் அத்தனையையும் ஒரே சமயத்தில் கொட்டிவிட்டு, சில வாரங்கள் பறக்கவே முடியாமல் கோரைக்குள் பதுங்கிக் கிடக்கும். பளபளக்கும் ஆண் வாத்துகள் பல அதற்கு முன்பே நிறத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டை மாதிரி மங்கிவிடுகின்றன. பறக்க முடியாதபோது மினுக்கிக்கொண்டு திரிந்தால் உயிர் தப்புமா?

குஞ்சு பொரித்து வளர்ப்பது, வலசை போவது, இறகு மாற்றுவது ஆகிய மூன்றும் ஒரு பறவைக்குப் பெருஞ்செலவு. பெரும்பாலான பறவைகள் இவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. ஒன்று முடிந்த பின் அடுத்தது. அதனால் ஒரு சிறகைப் படிக்கத் தெரிந்தால் அந்தப் பறவை வருடத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் இவ்வளவு ஆவேசமாகச் சொல்வதற்குக் காரணம், போன வாரம் எனக்கு நானே வைத்துக்கொண்ட செருப்படி. பதினோரு வருடமாக ஒரே குளத்தில் மடையான் கொக்கைப் படம் எடுக்கிறேன். உங்களுக்குத் தெரியும், சாதாரண நாளில் அது சேற்று நிறத்தில் கோடுபோட்ட ஒரு உருவம். பறக்கும்போது வெள்ளைச் சிறகு திடீரென்று விரியும்வரை அங்கே ஒன்று உட்கார்ந்திருந்ததே தெரியாது. கூடு கட்டும் காலத்தில் அதே ஆசாமி முதுகில் அரக்குச் சால்வை போர்த்தி, தலையில் நீள முடி தொங்கவிட்டு, கழுத்தெல்லாம் மஞ்சள் பூசிய மாதிரி வந்து நிற்பான். முதல் வருடம் இரண்டும் ஒரே பறவை என்பதே எனக்குத் தெரியாது. ‘மடையான்’ என்று ஒரு கோப்பு, ‘வேறு ஏதோ கொக்கு’ என்று இன்னொரு கோப்பு.

போன வாரம் ஒரு கட்டுரைக்காக, என் குளத்து மடையான் எந்த வாரத்தில் நிறம் மாறத் தொடங்குகிறது என்று பார்க்கலாம் என ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். திறந்தால் எல்லாம் அரக்கு. பதினோரு வருடமும் அரக்கு. இடையில் ஒன்றுமே இல்லை. ஏன் இல்லை? ஒவ்வொரு ஞாயிறு இரவும் உட்கார்ந்து, ‘தேறாதவை’ என்று நானே அழித்திருக்கிறேன். டெலிட் பொத்தானைத் தட்டத் தட்ட வீட்டைப் பெருக்கி முடித்த மாதிரி ஒரு திருப்தி வேறு. அழித்ததில் ஒரு படம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. முதுகில் திட்டுத் திட்டாக அரக்கு ஏறியிருக்கிறது, சாயம் சரியாகப் பிடிக்காத துணி மாதிரி. கழுத்தில் பழைய கோடுகள் போகவில்லை. கால் மட்டும் அவசரப்பட்டுச் சிவக்கத் தொடங்கிவிட்டது. ‘சே, இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்திருக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டே அழித்தேன். படம் ஞாபகம் இருக்கிறது, ஆனால் ஞாபகத்தில் தேதி இல்லை.

நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். தூக்கணாங்குருவி என்றால் மஞ்சள் தொப்பியும் தொங்கும் கூடும். தொப்பி கழன்ற பிறகு அந்த ஆண் எங்கே போகிறது? எங்கேயும் போவதில்லை. நீங்கள் ‘ஏதோ சிட்டு’ என்று தாண்டிப் போகிற பழுப்புக் கூட்டத்தில்தான் இருக்கிறது. ஊதாத் தேன்சிட்டின் ஆண், மஞ்சள் தொண்டையில் ஒரே ஒரு கருங்கோடு இழுத்துக்கொண்டு பாதி வேடத்தில் பூவில் தொங்கும். அதை யார் எடுக்கிறார்கள்? கொம்பு உதிர்ந்த புள்ளிமானைக் கண்டால் ஜீப்பை நிறுத்தச் சொல்பவர் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? அது வருடா வருடம் கொம்பை உதிர்த்து, வெல்வெட் மாதிரி தோல் மூடிய புதுக் கொம்பை வளர்க்கிறது. நமக்கு அது முழுசாக முடிந்து, உரித்து, தீட்டிக் கொடுத்தால்தான் பிடிக்கும். கல்யாண ஆல்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் கதையை எழுதுகிற மாதிரிதான் இது.

மா. கிருஷ்ணன் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் காட்டு விலங்குகளை எடுத்தார். 1950லிருந்து 1996ல் இறக்கும்வரை ஒரு நாளிதழில் இயற்கை பற்றி எழுதியவர். வண்ணம் இல்லாததால் அவருக்கு இந்த நோய் வர வாய்ப்பே இல்லை போலும் என்று சில சமயம் பொறாமையோடு நினைத்துக்கொள்வேன். நீங்கள் கறுப்பு வெள்ளைக்கு மாற வேண்டும் என்று சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

லென்ஸ் வாங்குவது உங்கள் இஷ்டம். பணம் இருந்தால் வாங்குங்கள். ஆனால் வெயில் ஏறிய பிறகு தூரத்துப் பறவை மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, தரையிலிருந்து எழும்புகிற கானல். 600ஐ வைத்து எடுத்தால் அந்தக் கானலும் சேர்ந்து பெரிதாகும். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போய், தரையோடு தரையாகப் படுத்துக் காத்திருந்தால் 400 தாராளம். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

எந்தப் பருவம் என்ற கேள்விக்குத் தனியாக எழுத ஒன்றுமில்லை. வலசைப் பறவைகள் போனதும் அலமாரியில் பூட்டுகிறேன் என்றீர்களே, அந்தப் பூட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் பருந்துப் படத்தோடு வந்த தகவலைத் திறந்து பார்த்தேன், எடுத்த மாதம் தெரிந்தால் அந்தச் சிறகை இன்னும் நன்றாகப் படிக்கலாமே என்று. 2016 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி 7 நிமிடம் என்று இருக்கிறது. படத்தில் அடிக்கிறதோ உச்சி வெயில். மாதக்கணக்கில் அலமாரிக்குள் கிடந்து, பேட்டரி முழுக்க இறங்கி, கேமராவின் கடிகாரம் தொழிற்சாலையில் வைத்த இடத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது. நீங்களும் தேதியைத் திருத்தாமல் எடுத்திருக்கிறீர்கள்.

எந்த மாதம் என்று எப்படியாவது யோசித்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.